வாத்தியார் பெயருக்குப் போன அர்ச்சனை

நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். அதனால் ஆஞ்சநேயர் எனக்குச் செய்ததை எழுதி அனுப்புகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளில், எனக்குக் கல்யாணமான மறு வருஷத்து ஆடி மாதம். என் வீட்டுக்காரர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் ஓசூருக்குப் பக்கத்தில் தளியில் முட்டைக்கோசு போட்டுக்கொண்டிருந்தார். பெங்களூர் விமான நிலையக் கோபுரத்துக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டார். விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் ஏறவும் இறங்கவும் வழி சொல்லும் வேலை. அதற்குப் பரீட்சை உண்டு. ஓசூரில் கோபாலராவ் என்ற வாத்தியார் பயிற்சி கொடுத்தார். சம்பளமாக எங்கள் கறவைப் பசுவை ஓட்டிக்கொண்டு போனார். அன்று நான் சாப்பிடவில்லை.

பயிற்சி என்றால், நாற்பது கேள்விக்கு இங்கிலீஷில் நாற்பது பதில். அப்படியே மனப்பாடம். வீட்டுக்காரர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே ஒப்பிப்பார்.

"இப்ப சொன்னது என்னங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மேகம் மூடியிருந்தா விமானத்தை எப்படி எறக்கறதுன்னு."

"எப்படி எறக்கணுமாம்?"

"அதெல்லாம் தெரியாது. அது பதினேழாவது பதில். அர்த்தம் எதுக்கு, கேட்டா சொல்லிட்டாப் போதும்னாரு வாத்தியாரு."

பிள்ளைகுட்டிகளோடு மேலே உட்கார்ந்திருப்பவர்கள் பதினேழாவது பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அவரிடம் சொல்லத் தைரியமில்லை. சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனேன். அவர் இந்தக் குறுக்கு வழியை விடவேண்டும், நல்ல வேலையும் கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அர்ச்சகர் கன்னடக்காரர். "ஹெசரு ஏனம்மா? யார் பேருக்கு?" என்றார்.

கட்டினவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அதற்காகவே அவருடைய பயிற்சி நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். அட்டையில் இங்கிலீஷில் பெயர் இருந்தது; எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நீட்டினேன். மந்திரத்துக்கு நடுவே காதில் விழுந்த பெயர் கோபாலராவ். வாத்தியார் தன் பெயரைத்தான் எல்லா நோட்டிலும் போட்டுக் கொடுத்திருக்கிறார். நிறுத்தச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பசுவும் அவருக்கு, அர்ச்சனையும் அவருக்கு என்று அழுதுகொண்டே வீடு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, வாத்தியார் பசுவைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"கிருஷ்ணகிரி பள்ளிக்கூடத்துல வேலை கெடைச்சிருச்சுப்பா. இனி இந்தப் பொழப்பு வேண்டாம். அந்தப் பதினேழாவது பதில் எனக்கே புரியாது. உன் மாட்டைக் கட்டிக்க."

வீட்டுக்காரர் பசுவைக் கொட்டகையில் கட்டினார். பிறகு ஒரு அகராதி வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் படித்தார். ரெண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை வேலை கிடைத்தது. உத்தரவு வந்த அன்று, மேகம் மூடியிருந்தால் எப்படி இறக்குவது என்று மறுபடியும் கேட்டேன். தட்டில் களி ஆறிக் கல்லாகும் வரைக்கும் சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்திருந்தது. அது போதும்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்துகிறேன். கேட்கத் தெரியவில்லையே என்று நீங்களும் தயங்க வேண்டாம். வாய் வராவிட்டாலும் அவர் முன்னால் போய் நில்லுங்கள். இதை எழுதும்போதும் என் வீட்டுக்காரர் பெயரை நான் எழுதவில்லை. யாருக்காக என்று ஆஞ்சநேயருக்குத் தெரியும்.