விதைக்கு விட்ட கேந்தி

நயா பைசா வந்த வருஷத்து ஆடி மாதம் அது. அதற்கு முந்தின வருஷம் என்று அம்மா கடைசிவரை சாதித்தாள். ஆனால் வாசுதேவநல்லூர்க்காரர்கள் வந்த காரின் டிரைவர் என் கையில் ஒரு புதுக்காசை வைத்துவிட்டுப் போனார். அதற்குக் கடையில் என்ன கிடைக்கும் என்று தெருவில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆகவே வருஷத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

தென்காசியில் எங்கள் வீட்டு முன்வாசலில் அத்தை போட்ட பூப்பாத்திகள் இருந்தன. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. நடைபாதைக்கு ஒரு பக்கம் கேந்தி என்கிற செண்டுமல்லி, மறுபக்கம் காசித்தும்பை. சித்திரைக் கடைசியில் விதை தூவினால் சாரல் தொடங்கும்போது பூ வந்துவிடும். சாரல் காலத்தில் பூப் பறிப்பதைவிட வாடியதைக் கிள்ளுவதுதான் பெரிய வேலை. குற்றால மலையிலிருந்து காற்றோடு வரும் தூறலில் நனைந்து நனைந்து கேந்தி செடியிலேயே பழுப்பேறும். அதை அப்படியே விட்டால் செடி தன் வேலை முடிந்ததென்று விதை கட்டத் தொடங்கிவிடும். புது மொட்டு வைக்காது. கிள்ளக் கிள்ளத்தான் பூக்கும். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் வாடியதைக் காம்போடு கிள்ளி ஓலைப்பெட்டியில் போடுவது என் பொறுப்பு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவதில் பாதிப் பெருமை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஆனியில் தரகர் வாசுதேவநல்லூர் வரனைக் கொண்டுவந்தார். நஞ்சை, புஞ்சை, அரிசி ஆலை எல்லாம் உண்டு. இல்லாதது பூ மட்டும்தான். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காலைப் பூஜைக்குப் பூ வேண்டும். அவர்கள் வீட்டில் யார் வைத்த செடியும் தங்கவில்லை.

"எங்க வீட்டுப் பொண்ணு கை பட்டா பூக்காத செடி கெடையாது. நேர்ல வந்து பாக்கச் சொல்லும்" என்று அப்பா சொல்லியனுப்பினார். ஆடியில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் அப்படியே வந்து பெண்ணையும் பார்த்துவிடுவதாக ஏற்பாடு. ஆக, அத்தையின் கல்யாணம் அந்தப் பாத்திகளில் இருந்தது.

சேதி வந்த மறுநாள் ஓலைப்பெட்டியோடு போன என்னை அத்தை தடுத்தாள்.

"ஏட்டி, இனிமே கிள்ளாத. வெதைக்கு விடணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான். ஒங்க சார்வாள் வெதை கேட்டாவன்னியே?"

சார்வாள் என்றால் எங்கள் சயின்ஸ் ஆசிரியர். ஆய்க்குடியிலிருந்து சைக்கிளில் வருவார். அப்பாவுக்குத் தூரத்து உறவு. நிலம் நீச்சு இல்லாததால் இன்னும் கொஞ்சம் தூரமாகியிருந்த உறவு. பள்ளித் தோட்டத்துக்கு விதை கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதை நான் வீட்டில் ஒரு தடவைதான் சொன்னேன். மறுபடி மறுபடி சொல்லச் சொன்னது அத்தை. எந்த நிறம் கேட்டார்? "ஒங்க வீட்டுல" என்றாரா, "ஒங்க அத்தைகிட்ட" என்றாரா? சொல்லும்போது சிரித்தாரா? பரீட்சைக்குப் பதில் எழுதுவதுபோல் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

அது நடவு நேரம். அப்பா இருட்டோடு வயலுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புவார், பாத்தியைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள். ஏனோ ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் அருவியில் குளித்த தலை ஈரம் காயாமல் வந்து இறங்கியபோது முன்வாசல் முழுக்கப் பழுப்பு. கேந்தித் தலைகள் கருகித் தொங்கின. காசித்தும்பைக் காய்கள் முந்தானை பட்டதும் வெடித்து, மாப்பிள்ளையின் அம்மா மேலேயே விதை தெறித்தது.

கூடத்தில் உட்கார்ந்ததும் அந்தம்மாள் கேட்டாள்: "பூந்தோட்டம் பூந்தோட்டம்னாவ. இங்கன எல்லாம் கருகில்லா கெடக்கு?"

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேரைக் கேட்டால் பேரைச் சொல்லலாம், அவ்வளவுதான். அப்பா வாயைத் திறப்பதற்குள், காப்பித் தம்ளரை நீட்டியபடியே அத்தை சொன்னாள்: "வெதைக்கு விட்டிருக்கேன்."

"வெதையப் பாக்கவா வாசுதேவநல்லூர்ல இருந்து கார் புடிச்சு வந்தோம்?"

காப்பியைக் குடித்தார்கள். கேசரியைத் தொடவில்லை. அது எனக்கு வந்தது.

கார் போனதும் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, வாடுனதக் கிள்ளிப் போட ஒனக்குக் கை வலிக்கோ?"

"நாந்தாண்ணே வேண்டாம்னேன்" என்றாள் அத்தை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்கே திரும்பப் போனார்.

அடுப்புக்கு மேலே முறத்தில் காயவைத்த விதையை அத்தை பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். வகுப்பில் அதைக் கொடுக்கும்போது, விவரம் முழுதாகச் சொல்ல வேண்டுமே என்று, "இதை விட்டதுனாலதான் சார், எங்க அத்தைக்கு வந்த மாப்பிள்ளை போயிட்டாவ" என்றேன். சார் திரும்பிக்கொண்டு, ஒன்றும் எழுதியிராத கரும்பலகையை வெகுநேரம் துடைத்தார்.

கார்த்திகை மழை வெறித்ததும் அத்தை மறுபடி விதைத்தாள். தையில் வாசல் மஞ்சளாயிற்று. ஆலங்குளத்திலிருந்து ஒரு வரன் வருவதாக அப்பா சொன்னார். மறுநாள் காலை அத்தை என்னிடம், "கிள்ளாதட்டி" என்றாள். பாத்தி பழையபடி பழுப்பேறத் தொடங்கியது.

ஆலங்குளத்தார் வருவதற்குமுன் சயின்ஸ் சாரின் அம்மா வந்தாள், தாம்பாளம் நிறையக் கேந்தியோடு. பின்னால் சார், சைக்கிளைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றார்.

"ஒங்க வீட்டு வெதைதான். எங்க வாசல்லயும் கொஞ்சம் போட்டான். நிறுத்தாமப் பூக்கு. வாடுனதக் கிள்ளுததே காலையில அவனுக்கு வேலை. வெதை குடுத்த கையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள்.

அப்பா தாம்பாளத்தைப் பார்த்தார். எங்கள் பாத்தியைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "ஆலங்குளத்துக்காரவ வந்தாலும் இந்தக் கருகலைத்தான் பாக்கப் போறாவ."

கடைசியில் அப்பா, "அவரை ஏன் வெயில்ல நிக்க வச்சிருக்கிய, உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

பங்குனியில் தேதி குறித்தார்கள். குறித்த அன்று சாயங்காலம் அத்தை ஓலைப்பெட்டியைத் தேடி எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"நாளையில இருந்து கிள்ளலாம்ட்டி."

வேண்டிய விதை சேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.