பத்துக் கொக்கிச் சட்டை

மிஷின் மிதித்து இடுப்பு நோகிறவர்களே, ஒரு சாரிச் சட்டைக்கு நீங்கள் எத்தனை கொக்கி வைப்பீர்கள்? ஆறு என்பீர்கள். எங்கள் கடையிலும் ஆறுதான். நான் பத்து வைத்தேன்.

லாச்சியில் சூசையப்பர்

கண்டி மார்க்கட்டுக்குப் பின்னாலுள்ள அந்தத் தையல் கடையில், ஒரு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்று என்னைச் சேர்த்தார்கள். மகளின் நர்சரி இரண்டு சந்து தள்ளி. பன்னிரண்டு மணிக்கு ஓடிப்போய்க் கூட்டிவந்து மிஷினுக்குப் பக்கத்தில் உட்காரவைக்க விடுகிற கடை வேறு எங்கே கிடைக்கும்? இந்தக் கதிரையை விட்டால் நான் வீட்டோடுதான்.

சூசையப்பர் தச்சுப் பட்டறையில் வேலை செய்தே புனிதரானவர் என்று எங்கள் பங்குச் சுவாமி பூசையில் சொல்லியிருந்தார். அதை நம்பி அவருடைய படத்தை நூல்கட்டைகளோடு மிஷின் மேசையின் இழுக்கிற லாச்சியில் வைத்துக்கொண்டேன். காலையில் பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு வந்த கடைக்காரி செல்வி அக்கா அதை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அவரு மர வேலைக்காரருதானே, தையல் தெரியுமா?"

முறிந்த ஊசி

ஒருநாள் ஒரு கைக்குழந்தையின் சட்டையைத் தைக்கும்போது ஊசி முறிந்தது. ஒரு பாதி மிஷினில் இருக்கிறது, மறுபாதியைக் காணோம். சட்டை முழுக்க மடிப்பு. குழந்தையின் தாய் வாசலில் நிற்கிறாள். 'தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாரே, காட்டித் தாருங்கள், செவ்வாய்க்கிழமை ஏழைகளுக்குப் பாண் ரொட்டி கொடுக்கிறேன்' என்று நேர்ந்துகொண்டே ஒவ்வொரு மடிப்பாகத் தடவினேன். என்னோடு தைக்கிறவர் மடவளை பரீனா தாத்தா; முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். அவர் குண்டூசி பொறுக்கும் காந்தத்தை எடுத்துவந்து ஓட்டினார். மூன்றாவது மடிப்பில் 'டிக்' என்று ஒட்டிக்கொண்டது.

"அவரு காட்டினாரோ, காந்தம் காட்டிச்சோ, எனக்கும் ஒரு பாண் வாங்குங்க புள்ள."

ஒரு பத்து

கொக்கி கையால்தான் தைக்க வேண்டும். அலுப்பான வேலை. அதனால் ஒரு கொக்கிக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' என்று சொல்லிக்கொண்டே தைப்பேன். ஆறு கொக்கி முடிந்ததும் மிச்ச நான்கை வெறுங்கையோடு சொல்லி, செபமாலையின் ஒரு பத்தை முடிப்பேன்.

ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல். மனமெல்லாம் செபத்தில். பத்துச் செபத்துக்கும் பத்துக் கொக்கி தைத்து, முடிவில் வரும் திரித்துவப் புகழும் சொல்லி, நூலை வெட்டிச் சட்டையைக் கொடியில் மாட்டிவிட்டேன். அதைத் தைக்கக் கொடுத்திருந்த டீச்சர், தெல்தெனிய பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வந்து, திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது சட்டையா, சிறைக் கதவா?" என்றார். பிரிக்க நேரமில்லை, அப்படியே கொண்டுபோனார். செல்வி அக்கா என்னைத் திட்டவில்லை. "மாசம் முடியட்டும், பேசுவோம்" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பரீனா தாத்தாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர்.

"அல்லாட பேரச் சொல்லி திக்ரு ஓதினா நாங்க விரல்ல எண்ணுற. விரல யாரும் சட்டையில வச்சித் தைக்கிறல்ல புள்ள!"

மாதக் கடைசி

கடைசி வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு பையோடு உள்ளே வந்தார். பிரிக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நான் கத்தரிக்கோலை எடுத்தேன். பலகையில் கை உயர்த்தி எழுதும்போதெல்லாம் பழைய சட்டைகள் கொக்கிக்கு நடுவே விலகுமாம். ஒரு கையால் எழுதி, மறுகையால் முந்தானையை இழுத்துப் பிடித்தே காலம் போனதாம். இது அசையவே இல்லையாம். பையிலிருந்து மூன்று துணி எடுத்து வைத்தார்.

"மூணுக்கும் பத்துப் பத்தா வைங்க தங்கச்சி."

அவர் போனதும் செல்வி அக்கா ஒரு புதுக் கொக்கிப் பெட்டியை என் லாச்சியில், சூசையப்பருக்குப் பக்கத்தில் வைத்தார். பரீனா தாத்தா எல்லாம் சொல்லிவிட்டார் போல. "உங்க செபமாலை முழுசுக்கும் எத்தனைம்மா வரும்?" என்று கேட்டார். ஐம்பத்து மூன்று என்றேன்.

அன்றிலிருந்து செபத்தை மனதுக்குள்ளும் கொக்கியை வாய்விட்டும் எண்ணுகிறேன். ஏனென்றால் என்னைத் திங்கட்கிழமையும் வரச் சொல்லிவிட்டு அக்கா கைகூப்பிக் கேட்டது இது ஒன்றுதான்:

"ஒனக்குப் புண்ணியமாப் போகும், பத்தோட நிப்பாட்டிக்கம்மா!"