வேறு குடி, ஒரே எழுத்து

“…மறுகா இதென்ன கேள்வி, டொக்டர்? நாங்க ஒரு குடி, அவர் வேற குடி. ரத்தம் எப்பிடி ஒண்டாகும்? அவர் என்ட சொந்த மாமாட மகன். அப்பிடிக் கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பனே!”

என் தங்கச்சி இதைச் சொல்லி முடித்ததும் டொக்டரம்மா பேனையை மேசையில் வைத்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை. “பிழை என்னிலதான் அம்மா. நான்தான் வடிவாக் கேக்கேல்லை,” என்றார்.

அந்த அறைக்கு நாங்கள் போனது தங்கச்சியின் கடைசி மகளுக்காக. எல்லாப் பிள்ளைகளையும் போல நடக்கப் பழகியவள்தான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, நிலத்திலிருந்து எழும்புவதற்குக் கைகளைத் தொடையில் ஊன்றத் தொடங்கினாள். பிறகு படி ஏறக் கஷ்டப்பட்டாள். பிறகு படியையே விட்டுவிட்டாள். எங்கள் ஊர் வவுணதீவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பயந்திட்டாள் என்றார் ஒருவர், சத்துக் காணாது என்றார் இன்னொருவர். என் ஓட்டோவில் ஏறிய ஒரு கிழவர், “கால் வளர மறந்திட்டுது” என்று முடித்துவைத்தார். ஓட்டோ ஓடுகிறவனுக்குக் கூலியோடு இந்த மாதிரிப் பேச்சும் கிடைக்கும், நான் இரண்டையும் வேண்டாமென்று சொல்வதில்லை. ஆனால் எல்லாரையும் விட அந்தப் பிள்ளை சொன்னதுதான் எனக்குப் பிடிக்கும். “மாமா, நான் நடக்கச் சொல்லுறன். காலுக்குக் கேக்க நேரமெடுக்குது.”

பெரிய ஆசுபத்திரிகள் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில், இப்படி அரிதான நோய் வருத்தங்களுக்குக் காரணம் தேடும் ஓர் ஆராய்ச்சிக் குழுவைப் பற்றி ஒருவர் சொன்னார். பல ஊர்களிலும் நாடுகளிலும் ஏராளமான பேரிடம் இரத்தம் எடுத்து, ஒவ்வொருவருடைய மரபணுவையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இயந்திரத்தில் வாசிப்பார்களாம். பிறகு எல்லாருடையதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கேயோ ஓரிடத்தில் மாறிக் கிடக்கும் ஒற்றை எழுத்தைத் தேடுவார்களாம். ஓர் ஆளை வாசித்தால் போதாதா என்று கேட்டேன். “ஒருவரை மட்டும் வாசிச்சா, எது சும்மா மாறினது, எது நோயைத் தாறது எண்டு தெரியாது ஐயா,” என்றார் டொக்டரம்மா. பிள்ளையிடமும் தாய் தகப்பனிடமும் இரத்தம் எடுத்தார்கள். அப்போது கேட்ட பல கேள்விகளில் ஒன்று, “நீங்கள் ரெண்டு பேரும் ரத்த உறவா?” என்பது. தங்கச்சி, “இல்ல” என்றாள். மச்சானும் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

எங்களுக்குக் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருவது. என் தாயின் குடிதான் எனக்கும் தங்கச்சிக்கும். மாமாவின் மகனுக்கு மாமியின் குடி. ஆகவே கூடவே விளையாடி, ஒரே பாயில் படுத்து வளர்ந்தாலும் மாமாவின் மகன் வேற குடி, கட்டலாம். சித்தாண்டியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவன் வந்து நின்றாலும், எங்கள் குடி என்றால் அவளுக்கு அண்ணன், கட்டக்கூடாது. இதைப் பிழைக்காமல் பார்க்கத்தான் எங்கள் ஆட்கள் படாத பாடு படுவார்கள். “குடி பாத்துத்தானே செய்தம்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். குடி பார்த்தால் இரத்தமும் பார்த்தாயிற்று என்பதுதான் எங்கள் எண்ணம்.

நாங்கள் அப்படிச் சொன்னதால் அவர்கள் வேறு பக்கம் தேடியிருக்கிறார்கள். தாய் தகப்பனிடம் இல்லாமல் பிள்ளையில் மட்டும் புதிதாக வந்த மாற்றம் ஏதும் உண்டா என்று. அது கிடைக்கவில்லை. ஆனால் தாயிடமிருந்து வந்த பிரதியும் தகப்பனிடமிருந்து வந்த பிரதியும் பல இடங்களில் நீளம் நீளமாக ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றாக இருந்தனவாம். அந்நியர் இருவருக்கு அப்படி வராது. தேடின எழுத்தும் அப்படி ஓர் இடத்துக்குள்தான் கிடந்ததாம். அதனால்தான் திரும்பவும் கூப்பிட்டுக் கேட்டார்கள். தங்கச்சிக்கு அது நடத்தையைப் பற்றிய கேள்வி மாதிரிப் பட்டது. அந்தச் சூட்டில்தான் மாமாவின் மகன் என்ற விசயம் வெளியில் வந்தது.

எங்கள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரே தாய் தகப்பன். அந்தத் தாய் தகப்பனிலோ அவர்களுக்கு முன்போ எங்கேயோ ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஒரு பிரதி மாறியிருந்தால் ஒன்றும் செய்யாது, மற்றப் பிரதி வேலையைப் பார்க்கும். இரண்டும் மாறினால்தான் இந்த வருத்தம். “எல்லாரிட்டயும் இப்பிடி ஏதோ கொஞ்சம் இருக்கு அம்மா. என்னட்டயும் இருக்கும். இது ஒருத்தரும் செய்த குற்றமில்லை,” என்றார் டொக்டரம்மா. வருத்தத்தின் பெயரையும் சொன்னார். இத்தனை காலம் பெயரில்லாமல் கிடந்த வருத்தத்துக்குப் பெயர் வந்ததில் தங்கச்சி கொஞ்சம் அழுதாள். மருந்து இன்னும் இல்லை, ஆனால் எதைக் கவனிக்க வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று இனித் தெளிவாகச் சொல்லலாம் என்றார்.

பிறகு கேட்டார்: “குடும்பத்தில இனியும் மச்சான் மச்சாள் கலியாணம் பேசியிருக்கோ?”

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவளுடைய மூத்த மகனுக்கும் என் மகளுக்கும் கலியாணம் பேசி முடித்து, மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீட்டின் சுவரும் எழும்பியாயிற்று. நாங்கள் பேசுவதற்கு முன்பே அவர்கள் இருவரும் பேசிக்கொண்டவர்கள்.

“கட்டக்கூடாதெண்டு சொல்ல எனக்கு உரிமையில்லை. ரெண்டு பேரும் முதலில சோதிச்சுப் பாருங்கோ. ஒருவரிட்ட மட்டும் இருந்தால் பயமில்லை. ரெண்டு பேரிட்டயும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த வருத்தம் வர நாலில ஒரு பங்கு சாத்தியம்.”

ஓட்டோவில் ஊருக்குத் திரும்பி வரும்போது வாவிப் பாலத்தில் காற்று அடித்தது. தங்கச்சி சேலைத் தலைப்பை வாயில் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்தபடி வந்தாள். பாலம் கடந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அண்ண, இந்தச் சோதனை வேணாம்.”

“ஏன்கா? பாத்தாத் தெரியும்தானே?”

“தெரிஞ்சு? இருக்கெண்டு வந்தா நிப்பாட்டுவீங்க. நிப்பாட்டினா அதுக்கு என்ன அர்த்தம்? என்ட சின்னவளப் போல ஒரு பிள்ள வேணாமெண்டுதானே? அவள்ட காலில்தான் வருத்தம், காதில இல்ல. கேப்பாள்.”

ஓட்டோவை ஓட்டினேன்.

சில நாள் கழித்துக் காத்தான்குடியிலிருந்து ஒரு புடவை வியாபாரி ஏறினார். பொதுவாகப் பேசுவது போல விசயத்தை எடுத்தேன். அவர் சிரித்தார். “எங்கடாக்களும் குடி பாக்கிறதான் தம்பி. மாமிட மகளக் கட்டினா ஊட்டுக்குள்ள சண்ட குறையுமெண்டு வாப்பா சொன்னார். சண்ட குறையல்ல. ரத்தத்தப் பத்தி அந்த மனிசன் நினைக்கவேயில்ல.” இறங்கும்போது மட்டும் முகம் மாறி, “புள்ளையளச் சோதிச்சுப் பாருங்க, ஒளிக்காதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒளிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. என் மனைவிதான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் தங்கச்சியின் மகனோடு போனில் கதைத்துவிட்டு வந்து, “அப்பா, ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கப் போறம். மாமியிட்ட நானே சொல்லுறன்,” என்றாள்.

தன் மாமியான தங்கச்சியிடம் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. வாசலில் நின்ற எனக்குக் கேட்டது கடைசித் துண்டு மட்டும். “சின்னவள நான் குறைச்சு நினைக்கல்ல மாமி. குளிக்க வாக்கிறவள் நான். அவள் படுறதும் எனக்குத்தானே தெரியும்.” அதற்குத் தங்கச்சி, “தேத்தண்ணி ஆறுது, குடி,” என்றாள்.

முடிவு கேட்கப் போன நாளில் தங்கச்சியும் கூட வந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நானும் அவளும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். அவர்கள் வெளியே வந்தபோது என் மகள் முன்னால் வந்தாள், அவன் பின்னால் வந்தான். “ரெண்டு பேரிட்டயும் இருக்கு மாமி,” என்றாள் மகள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்து அவர்கள் வாவிக்கரைப் பக்கம் போய் நெடுநேரம் கதைத்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் வந்து, கலியாணம் வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். என் மகளின் கண் வீங்கியிருந்தது. அவனுடையதும்தான். சின்னவள் கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப மச்சாள் இனி எங்கட வீட்டுக்கு வரமாட்டாவா?” என்றாள். “வருவன். உன்ன ஆர் குளிக்க வாக்கிற?” என்றாள் என் மகள்.

அன்றிரவு என்னை அரித்தது வேறு கவலை. பேசி முடித்த கலியாணம் நின்றால் ஊர் பெண்ணைத்தான் பார்க்கும். என்ன குறையோ என்று கேட்கும். எழுத்து, பிரதி, நாலில் ஒரு பங்கு என்றெல்லாம் எந்த வீட்டில் போய் விளங்கப்படுத்துவது? வேறு ஆளைக் கட்டினால் அவளுக்கு ஒரு பயமுமில்லை என்றால் யார் நம்பப்போகிறார்கள்? ஒற்றை எழுத்தைக் கண்டுபிடிக்கிற இயந்திரத்திடமும் இதற்கு மருந்து கிடையாது.

காலையில் தங்கச்சி குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏறினாள். எங்கள் பெரியம்மா ஒருவர் வீட்டுக்கு விடச் சொன்னாள். அந்தப் பெரியம்மாவின் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் வயல் வட்டைக்குள் நிற்கிற ஆட்களுக்கும் போய்விடும்.

பெரியம்மா முற்றத்தில் கூட்டிக்கொண்டு நின்றார். “என்னகா விடியவே? கலியாணத்துக்குச் சொல்ல வந்தயா?”

“இல்ல பெரியம்மா. கலியாணம் நிண்டுட்டு. என்ட மகன்ட ரத்தத்தில ஒரு குறை இருக்காம், டொக்டர் சொல்லிட்டார். அண்ணண்ட பிள்ள தங்கமான பிள்ள. அவளுக்கு ஒரு குறையுமில்ல. நான்தான் வேணாமெண்டு சொல்லிட்டன்.”

பெரியம்மாவின் கையில் விளக்குமாறு அப்படியே நின்றது. அது முழு உண்மையில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் அவள் பெற்ற மகன், அவனுக்கும் நாளைக்கு ஒரு கலியாணம் பேச வேண்டும். மெல்ல அவள் கையைப் பிடித்து, “போதும்கா, வா, ஏறு,” என்றேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். பெரியம்மாவிடம், “போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு, ஓட்டோவைத் தாண்டி நடந்துபோய், அடுத்த வீட்டுப் படலையைத் திறந்தாள்.