கங்கோங் என்றால் நிறுத்தணும்

ஷார்லீன் முதலில் தன் கையைத்தான் துடைப்பாள். ஈரத்துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை. பெட்டியின் குமிழ்கள் சுழியத்தில் நிற்கின்றனவா என்று தடவிப் பார்ப்பாள். ஒட்டும் பட்டைகளை முன்கையில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, குமிழை மெல்லத் திருப்புவாள். தனக்குச் சரியென்று பட்ட பிறகுதான் அவை கணவன் ஆர்னால்டின் காலுக்குப் போகும். "சமைக்கிறவ ருசி பார்க்காம பரிமாறலாமா லா?" என்பாள்.

அது கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி. உடம்பில் இலேசான மின்துடிப்பை ஓடவிட்டுக் கூச்சமும் சுகமும் தருவதற்கென்றே தம்பதிகளுக்காக விற்கிற சாமான். ஷார்லீனும் நானும் ஜாலான் புசாரில் ஒரே மின்சாதனக் கடையில் வேலை பார்க்கிறோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் இதைச் சொல்ல, நான் இருமி, தண்ணீர் குடித்து, பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்க ஆரம்பித்தேன். எழுதட்டுமா என்றபோது கொஞ்சமும் தயங்கவில்லை. "தாராளமா எழுது. கல்யாணம் ஆனவங்க, கதவு பூட்டியிருக்கு, யாருக்கு என்ன? பேர மட்டும் மாத்து. சர்ச் கொயர்ல எல்லாரும் படிப்பாங்க." மாற்றியிருக்கிறேன்.

கடையில் மலிவு அடாப்டர் கேட்டு வருகிறவர்களை அவள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். வீட்டிலும் அதே கறார்தான். பெட்டி பேட்டரியில் ஓடும். சுவர் ப்ளக்கோடு அதற்கு எந்த உறவும் கூடாது. பட்டையை இடம் மாற்றுவதென்றால் முதலில் அணைக்க வேண்டும். ஆர்னால்ட் ஒரு பியர் குடித்திருந்தால் அன்றைக்குப் பெட்டி அலமாரியை விட்டு வராது. "டெஸ்ட் பண்ற என் முன்கையத் தவிர, இடுப்புக்கு மேல நோ என்ட்ரி. நெஞ்சுக்குப் பக்கத்துல கரண்ட் வெளையாடக்கூடாது."

நிறுத்துவதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். 'ஐயோ', 'போதும்' எல்லாம் ஆர்னால்ட் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். எது நிஜம், எது விளையாட்டு என்று தெரியாது. அதனால் அவன் தட்டிலிருந்து ஒதுக்கிவைக்கும் கீரையின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். "அந்த நேரத்துல எவனுக்கும் கங்கோங் ஞாபகம் வராது. வந்துச்சுன்னா நெஜமாவே நிறுத்தணும்." ஒரு தடவை கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு அவன் "கங்..." என்று ஆரம்பிப்பதற்குள் குமிழ் சுழியத்துக்கு வந்துவிட்டதாம்.

புக்கிட் பாஞ்சாங்கில் அவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டால் அறை பச்சைத் தண்ணீருக்குள் இருப்பது போலாகிவிடும் என்று சொல்வாள். மழை வரப்போகிற மணம். கீழே எல்ஆர்டி ரயில் போகும் ஓசை. எறும்பு ஊர்வதுபோல் தொடங்கி, பிறகு கால் எங்கே முடிகிறது, மெத்தை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போகுமாம். "பேசவே மாட்டோம். அவன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருப்பேன். அதுதான் எனக்கு மீட்டர்." கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

செம்பவாங் கப்பல் பட்டறையில் ஆர்னால்ட் சரக்கறை பார்த்துக்கொள்கிறவன். போன வருஷம் அங்கே மயங்கி விழுந்தான். மருத்துவமனையில் காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள் என்றெல்லாம் டாக்டர் சொல்லிக்கொண்டிருக்க, ஷார்லீன் கையை உயர்த்தினாள். பெட்டியைப் பற்றிச் சொன்னாள்.

"முதுகு வலிக்கா?" என்று கேட்டாராம் டாக்டர்.

"இல்ல டாக்டர். சந்தோஷத்துக்கு."

ஆர்னால்ட் கூரையைப் பார்த்தான். டாக்டர் சிரிக்கவில்லை. கேட்டது நல்லது, இனிமேல் வேண்டவே வேண்டாம், அந்தத் துடிப்பு பேஸ்மேக்கரைக் குழப்பிவிடலாம் என்று பொறுமையாக விளக்கினார்.

ஆசை யாரை விட்டது? மாதம் ஒன்று போனதும் ஆர்னால்டே கெஞ்சினான். "கால்ல தானே, ஷார்லீன். ஹார்ட் மேல தானே இருக்கு. லோ-ல வெச்சா ஒண்ணும் ஆகாது."

"கங்கோங்," என்றாள் அவள். அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல் முறை. மறுநாள் வேலைக்கு வரும் வழியில், பழைய மின்பொருள்கள் போடும் தொட்டியில் பெட்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு ஆர்னால்ட் கட்டிலின் ஓரத்துக்குப் போய்விட்டான். இவள் கை பட்டால்கூட நெஞ்சைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுத்தான். ஒருநாள் மின்விசிறிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அவள் அழுததைப் பார்த்தேன். "பெட்டி போனதுக்கு அழல லா. இருபது வருஷமா பக்கத்துல படுத்தவன், இப்ப நான் தொட்டாலே பயப்படுறான்." அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

போன ஞாயிறு எல்ஆர்டியில் ஏறியபோது, எதிர் இருக்கையில் இருவரும் இருந்தார்கள். பூசையிலிருந்து திரும்புகிற உடை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்துத் தன் விரல்களைத் துடைத்தாள். இரண்டு விரல்களைத் தன் மணிக்கட்டில் வைத்து மெல்லத் தட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ஆர்னால்டின் புறங்கையில் வைத்தாள்.

அவன் கை விறைத்தது. விரல்கள் மெதுவாக, மிக மெதுவாகத் தட்டின. ரயில் அடுக்குமாடிகளை நெருங்க, வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி சன்னல் கண்ணாடிகள் தாமாகவே வெளுத்தன. ரயில் பெட்டி முழுக்கப் பால் வெளிச்சம். ஆர்னால்ட் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"கங்கோங்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

கண்ணாடி மறுபடி தெளிந்தது. ஷார்லீனின் இடக்கை, தன் முழங்காலின் மேல் இல்லாத ஒரு குமிழைப் பிடித்து, கொஞ்சம்போல வலப்பக்கம் திருப்பியது.