பிஸ்கட் டப்பாவில் மஞ்சள் சீட்டுகள்

சரவணம்பட்டியில் மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைத்து, டீ போட்டுக் கொடுப்பது என் வேலை. அங்கே ஒரு சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சீட்டும் ஒரு வேலை. செய்யவேண்டியது இடதுபக்கம், செய்துகொண்டிருப்பது நடுவில், முடிந்தது வலதுபக்கம்.

ஏசி காற்றில் சில சீட்டுகள் உதிர்ந்துவிடும். காலையில் பெருக்கும்போது எடுப்பேன். எந்தப் பக்கத்தில் இருந்ததென்று தெரியாது, கேட்கவும் கூச்சம். குப்பையில் போட மனம் வராது. பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்து எடுத்துவைக்கிற வீடு எங்களுடையது. காலி பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டுவைத்தேன். அப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் சர்க்கரை தேடி வந்த டீம் லீடர் அந்த டப்பாவைத் திறந்துவிட்டார். உடுமலைப்பேட்டைப் பெண். என்னைவிட இருபது வயது இளையவர்.

“ஏனுங்க்கா, இதெல்லாம் ஏது?”

சொன்னேன். இந்தச் சம்பளத்தில்தான் என் வீடு ஓடுகிறது. இன்றோடு போகச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

அவர் எல்லோரையும் சுவருக்கு முன்னால் கூப்பிட்டார்.

“அக்கா, எங்க வேலையெல்லாம் டப்பாவுல போட்டுப் பூட்டிப்போட்டீங்களே!” என்று ஒருவர் சிரித்தார்.

டீம் லீடர் ஒவ்வொன்றாகப் படித்தார். “இதக் காணோம்னு யாராச்சும் தேடுனீங்ளா?”

பதினான்கு சீட்டில் ஒன்றுக்குத்தான் ஒருவர் கை தூக்கினார். “அத அப்பவே வேற சீட்டுல எழுதி ஒட்டிட்டனுங்க.”

“அப்பறம் என்ன? கஸ்டமரும் கேக்கல, நாமளும் தேடல. செஞ்சிருந்தா அத்தனையும் தண்டம்.” பதினான்கையும் கிழித்துப் போட்டார்.

எடுத்துவைப்பதுதான் சிக்கனம் என்று நாற்பத்தேழு வயதுவரை இருந்திருக்கிறேன். ஒன்றைச் செய்யாமலே விடுவதும் சிக்கனம் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு படித்தவர்கள், தாங்கள் எழுதிய சீட்டுகள் கிழிபடுவதைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னைய நிறுத்திப்போடுவீங்ளா, மேடம்?” என்று மெல்லக் கேட்டேன்.

“உங்களையா? நல்லாக் கேட்டீங்க போங்க! இனி விழுந்ததையெல்லாம் டப்பாவுலயே போடுங்க. தேடி வந்தாக் குடுங்க. ரெண்டு வாரம் யாரும் வருலீன்னா நீங்களே கிழிச்சுப்போடுங்க.”

இப்போது அதுவும் என் வேலை. முதல்முறை கிழிக்கக் கை வரவில்லை. இன்றும், யாராவது ஓடி வருகிறார்களா என்று கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிழிக்கிறேன்.