மகளுக்கு ஞானத்தாய், எனக்கு யார்?

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைவிட்டுக் கிளம்பிய வருஷம்தான், சைகோனுக்கு வேலைக்குப் போன என் கணவர் அங்கேயே இறந்துபோன செய்தியும் வந்தது. அப்போது நான் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன். மகளுக்குச் சோறூட்டித் தலை வாரியது நெல்லித்தோப்பில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. உறவில்லை. பிள்ளையும் இல்லாதவள். மகளுக்கு ஞானத்தாய், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் குழந்தை பிறந்த சில நாளிலேயே ஞானத்தாய் அதை ஞானஸ்நானத்துக்கு மாதா கோயிலுக்குத் தூக்கிப்போவாள். பெற்றவள் வீட்டில் படுத்திருப்பாள். என் மகள் தலையில் தண்ணீர் ஊற்றியதை அவள் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. எழுந்து நடமாடி, பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் இது உறுத்திக்கொண்டே இருந்தது. மகளோ சாயங்காலமானால் அவளைத் தேடித்தான் ஓடுவாள். ஞானத்தாய் என்பதைப் பிரெஞ்சில் 'மரேன்' என்று கூப்பிடுவாள். அந்தக் குழைவு 'அம்மா'வில் இல்லை.

"ஏன், நம்ம வீட்ல சோறு இல்லையா?"

"இருக்கு. மரேன் கொழம்பு வேற மாதிரி."

மகளுக்கு உறுதிபூசுதல் வந்தது, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்த பிஷப் தைலம் பூசும் சடங்கு. கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் வாங்கிய எனக்கு அது நடந்ததில்லை. "நீயும் வாங்கிக்கோம்மா. ஒரு பொம்பளைய ஞானத்தாயா கூட்டியா" என்றார் சுவாமியார். நான் கேட்ட பெண்கள் எல்லாரும் வேறு பிள்ளைகளுக்கு ஒப்புக்கொண்டதாகச் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். அக்காவை மட்டும் கேட்கவில்லை. மகளைக் கொடுத்தது போதாதென்று என்னையும் கொடுப்பதா?

அன்று மகள் வெள்ளைக் கவுனில் பீடத்துக்கு முன்னால் கிராதியருகே மண்டியிட்டிருந்தாள். நான் கடைசியில் தூணருகே நின்றேன். வழக்கப்படி அக்கா பின்னால் நின்று வலது கையை அவள் தோளில் வைத்தாள். வயிறு எரிந்தது. என் பிள்ளை! மேற்றிராணியார் நெற்றியில் தைலம் பூசிக் கன்னத்தில் மெல்லத் தட்டினார். அக்காவின் கை மகள் தோளைவிட்டு அசையவில்லை. கல்யாணத்தோடு என் பிறந்த வீடு கதவைச் சாத்திவிட்டது, கணவரும் போய்விட்டார். என் தோளில் கை வைக்க யார் இருக்கிறார்கள்? அப்போது எரிச்சல் முழுவதும், அந்தக் கை கிடைத்த மகள்மேல் திரும்பியது.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"அங்க இன்னாடி நின்னுகினு பராக்கு பாக்கற?"

"எனக்கு ஆள் கெடைக்கலக்கா."

"நான் செத்தா பூட்டேன்? வந்து மண்டி போடு."

வரிசைக் கடைசியில் மண்டியிட்டேன். அவள் கை என் தோளில் விழுந்தது. கனமான கை. மேற்றிராணியார் வருவதற்குள்ளேயே அழுதுவிட்டேன்.

வெளியே வந்ததும் மகள் வழிமறித்தாள்.

"இனிமே நீயும் மரேன்னு கூப்புடுவியா?"

"கூப்புடுவேன்."

"அவங்க என் மரேன்!" என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். மறு கை என்னிடம் இருந்தது. எனக்கும் விட மனசில்லை.

"ரெண்டு பேரும் உடுங்கடி, சேல அவுறுது" என்றாள் அக்கா.