அனலில் காய்ந்த பாஞ்சோ

வைட்ஃபீல்டில் எங்கள் அலுவலக விழா. சக ஊழியர் கவிதா, தோல் போர்த்திய அமெரிக்கக் கம்பி வாத்தியமான பாஞ்சோ; நான் பறை. அமெரிக்கப் பாட்டுக்குப் பறை ஒட்டாது என்று ஒத்திகை முழுக்க அடக்கியே அடித்திருந்தேன்.

மழை ஈரத்தில் பாஞ்சோவின் ஆட்டுத்தோல் தொய்ந்து, ஓசை செத்துவிட்டது. அடுத்தது எங்கள் முறை. பார்க்கிங்கில் காகிதம் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்த நான், பாஞ்சோவைக் கேட்டுக் கையை நீட்டினேன்.

"டேய், எரிச்சிடாதடா!" என்றபடி கவிதா கொடுத்தாள்.

அனலுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். தோல் இறுகியது. அவள் கம்பியை மீட்டியதும் கணீரென்றது!

"வெள்ளைக்காரன் வாத்தியத்துக்கும் இதே வைத்தியமா?" என்றேன்.

"யாரு சொன்னா? ஆப்பிரிக்காலேர்ந்து அடிமையா புடிச்சிட்டுப் போனவங்க, சுரைக்குடுக்கைல தோல் கட்டி வாசிச்சதுடா இது!"

மேடையேறினோம். அன்று நான் அடக்கி அடிக்கவில்லை.